கரும்பலகையில் இரண்டு கேள்விகள்: சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடம்

சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடத்துக்கு முதல் முறையாகச் செல்லும் நண்பர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். வாசலில் பெரிய பதாகைகளில் விளம்பரம் செய்யப்படும் சிறப்புக் கண்காட்சிக்கு உடனே சீட்டு வாங்காதீர்கள். முதலில் நகர மண்டபப் பகுதியில் உள்ள சிங்கப்பூர்க் கலைக் காட்சிக்கூடத்துக்குச் சென்று, சுவா மியா டீ 1959இல் வரைந்த 'தேசிய மொழி வகுப்பு' என்னும் எண்ணெய் வண்ண ஓவியத்தின் முன் கால்மணி நேரம் நில்லுங்கள். ஒரு வட்ட மேசையைச் சுற்றிச் சிலர் உட்கார்ந்து மலாய் படிக்கிறார்கள். பின்னால் இருக்கும் கரும்பலகையில் இரண்டு வரிகள் மட்டும் எழுதப்பட்டிருக்கின்றன. 'சியாப்பா நாமா காமு?', அதாவது உன் பெயர் என்ன? 'டி மானா அவாக் திங்கால்?', அதாவது நீ எங்கே வசிக்கிறாய்? எந்த மொழியைக் கற்கத் தொடங்கினாலும் முதல் பாடத்தில் வரும் எளிய கேள்விகள்தாம் இவை. ஆனால் சிங்கப்பூர் தன்னாட்சி பெற்று, மலாய் மொழியைத் தேசிய மொழியாக ஏற்ற அதே ஆண்டில் வரையப்பட்டதை நினைவில் வைத்துப் பார்க்கும்போது, பல ஊர்களிலிருந்து வந்து சேர்ந்த மக்கள் கூட்டம் ஒன்று தன்னைத் தானே கேட்டுக்கொள்ளும் கேள்விகளாக அவை மாறிவிடுகின்றன.

அந்த ஓவியம் இருக்கும் கட்டடமும் இந்தக் கதையில் ஒரு பாத்திரம். 1929இல் மாநகராட்சிக் கட்டடமாகக் கட்டி முடிக்கப்பட்டு, 1951இல் சிங்கப்பூர் நகர அந்தஸ்து பெற்றபோது நகர மண்டபம் என்று பெயர் மாற்றப்பட்ட இந்த மாளிகையில்தான், 1945 செப்டம்பர் 12 அன்று ஜப்பானியப் படையின் சரணாகதியை மவுண்ட்பேட்டன் ஏற்றுக்கொண்டார். 1959 ஜூன் 5 அன்று லீ குவான் இயூவின் முதல் அமைச்சரவை பதவியேற்றதும் இங்கேதான். ஒரு நாடு உருவான அறைகளும் அந்த நாட்டைத் தூரிகையால் விசாரித்த ஓவியமும் ஒரே கூரையின் கீழ் இருப்பது, திட்டமிட்டே செய்ததானாலும், நல்ல பொருத்தம். பக்கத்துக் கட்டடம் 1939இல் திறக்கப்பட்ட பழைய உச்ச நீதிமன்றம். 2005இல் நீதிமன்றம் வேறு கட்டடத்துக்கு மாறிய பிறகு, இரண்டு மாளிகைகளையும் இணைத்துக் கலைக்கூடமாக்கும் பணி பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஜான் பிரான்சுவா மிலூவின் ஸ்டூடியோமிலூ நிறுவனத்திடம் அளிக்கப்பட்டது. ஏறத்தாழ 53 கோடி வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) செலவில், 64,000 சதுர மீட்டர் பரப்பில் உருவான கலைக்கூடம் 2015 நவம்பர் 24 அன்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

மிலூவின் வேலையில் எனக்குப் பிடித்தது அதன் அடக்கம். எதிரே உள்ள பாடாங் திடலிலிருந்து பார்த்தால் இரண்டு பழைய மாளிகைகளும் அப்படியே நிற்கின்றன; புதிய தலையீடு முழுவதும் அவற்றுக்கு நடுவிலும் மேலும்தான் இருக்கிறது. கிளைவிடும் மரத்தைப் போன்ற உலோகத் தூண்கள் பொன்னிறச் சல்லடைக் கூரையைத் தாங்குகின்றன. அதன் வழியே வடிகட்டி இறங்கும் வெளிச்சம், வெயில் கொளுத்தும் பகலிலும் பந்தலுக்குக் கீழே நிற்பது போன்ற உணர்வைத் தருகிறது. நீதிமன்றப் பகுதியில் கைதிகளை வைத்திருந்த சிற்றறைகளில் இரண்டை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். அடிக்கல்லின் கீழே 1937இல் புதைத்த காலப்பேழை 3000ஆம் ஆண்டில்தான் திறக்கப்படவேண்டுமாம். கலை பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் அந்தக் கல்லின் அருகேதான் நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள், அதிலும் தவறில்லை.

தொகுப்புக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டு முதல் இன்று வரையிலான சிங்கப்பூர், தென்கிழக்காசியக் கலைப்படைப்புகள் 8,000க்கும் மேல் இங்கே உள்ளன. இந்த வட்டாரத்தின் நவீனக் கலைக்கு உலகில் இதைவிடப் பெரிய பொதுத் தொகுப்பு இல்லை. சிங்கப்பூர்ப் பகுதியின் நிரந்தரக் காட்சி, சுவா மியா டீயின் கரும்பலகையிலிருந்து எடுத்த 'சியாப்பா நாமா காமு?' என்ற தலைப்பையே சுமார் பத்தாண்டுகள் தாங்கியிருந்தது. 2025இல் அது முழுவதுமாக மாற்றியமைக்கப்பட்டு, வேறு தலைப்பும் பெற்றுவிட்டது. பழைய தலைப்பு போனதில் எனக்குச் சிறு வருத்தம் உண்டு. ஒரு கண்காட்சிக்குக் கேள்வியைத் தலைப்பாக வைப்பதற்குத் துணிவு வேண்டும். அந்தக் கேள்வியோடு உள்ளே நுழைந்தவர் ஒவ்வொரு படத்தையும் அதை வைத்தே உரசிப் பார்க்க முடிந்தது.

அப்படி உரசிப் பார்த்ததில் என்னை மிகவும் பாதித்தது, பழைய காட்சியின் தொடக்கப் பகுதியில் இருந்த ஒரு சிறிய மரச்செதுக்கு அச்சுப்படம். ஜெர்மானிய ஓவியர் ஹைன்ரிஷ் லாய்ட்டமான் 1865 வாக்கில் செய்தது. காட்டுக்குள் சாலைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்த ஜார்ஜ் கோல்மனின் குழு மீது ஒரு புலி பாய்கிறது. அளவைக் கருவி சாய்கிறது. ஆட்கள் நாலாபுறமும் விழுந்தடித்து ஓடுகிறார்கள். கோல்மன் பெயர் பெற்ற கட்டடக் கலைஞர். நகரின் நடுவே அவர் பெயரில் இன்றும் தெரு இருக்கிறது. புலிக்கும் படத்தின் நடுவில் நாயக இடம் கிடைத்துவிட்டது. ஓடுகிறவர்கள் யார்? இந்தியாவிலிருந்து தண்டனைக் கைதிகளாகக் கொண்டுவரப்பட்டு, இந்தத் தீவின் சாலைகளையும் கட்டடங்களையும் உடலுழைப்பால் எழுப்பிய தொழிலாளர்கள். உன் பெயர் என்ன என்று கேட்கும் கண்காட்சியின் முகப்பிலேயே பெயரில்லாத இந்த மனிதர்களை வைத்தது தற்செயலாக இருக்க முடியாது. தமிழ் வாசகர் ஒருவர் இந்த ஒரு படத்துக்காக மட்டும் பயணச் செலவு செய்தாலும் நான் வீண் என்று சொல்லமாட்டேன்.

அடுத்து வரும் நன்யாங் (சீனர்கள் தென்கிழக்காசியாவுக்கு இட்ட பெயர், 'தென்கடல்') ஓவியர்கள் இங்கே எல்லோருக்கும் அறிமுகமானவர்கள். 1952இல் லியூ காங், சென் சோங் சுவீ, சென் வென் ஷி, சியோங் சூ பியெங் ஆகிய நால்வரும் பாலித் தீவுக்குச் சென்று வந்ததும், சீன மைவண்ண மரபும் பாரிஸ் ஓவிய மரபும் வெப்ப மண்டலக் காட்சிகளில் கலந்த ஒரு பாணி உருவானதும் பாடப்புத்தகத்தில் வரும் செய்தி. அந்தப் பயணத்தின் நினைவாக லியூ காங் 1954இல் வரைந்த 'ஓவியரும் மாதிரியும்' படத்தில் ஓவியராக அமர்ந்திருப்பவர் சென் வென் ஷிதான் என்பதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், நண்பர்களுக்குள் இருந்த குறும்பும் தெரிகிறது. சியோங் சூ பியெங்கின் 'கருவாடு உலர்த்துதல்' (1978) சிங்கப்பூரில் வேலை செய்த எவருக்கும் புதிதல்ல. 50 வெள்ளி நோட்டின் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருப்பது அதுதான். அதே நோட்டில் வீணையும் இருக்கிறது. அடுத்த முறை கையில் வந்தால் பாருங்கள். சம்பளப் பணமாகப் பலமுறை எண்ணிப் பார்த்த படத்தை மூல வடிவில், உண்மையான அளவில், நெட்டுயர்ந்த பெண்ணுருவங்களும் மெல்லிய கோடுகளுமாகக் காணும்போது உண்டாகும் திடுக்கிடலை வேறு எந்தப் படமும் எனக்குத் தந்ததில்லை.

ஆயினும் நன்யாங் அறைகளைவிட, 1950களிலும் 60களிலும் எழுந்த சமூக யதார்த்தவாத ஓவியங்கள் உள்ள அறையையே நான் உயர்வாக மதிப்பேன். சுவா மியா டீயும் அவருடைய தோழர்களும் அழகான மீனவக் குடிசைகளை விட்டுவிட்டுத் தெருவுக்கு இறங்கியவர்கள். கோ சியா யோங்கின் 'இதோ வருகிறார்கள்!' (1965) படத்தில் அதிகாரிகளைக் கண்டதும் நடைபாதை வியாபாரிகள் சாமான்களை அள்ளிக்கொண்டு ஓடுகிறார்கள். லை ஃபூங் மோய் அதே ஆண்டில் வரைந்த கட்டடத் தொழிலாளிப் பெண், மதிய உணவு இடைவேளையில் தலைத்துணியோடு உட்கார்ந்திருக்கிறாள். முகத்தில் புகாரும் இல்லை, புன்னகையும் இல்லை. லிம் இயூ குவானின் மரச்செதுக்குப் படம், புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதியில் 1961இல் நடந்த தீ விபத்துக்குப் பின் எஞ்சிய சாம்பல் வெளியைக் கறுப்பு வெள்ளையில் காட்டுகிறது. இந்த மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், கண்ணாடிக் கோபுரங்கள் நிறைந்த நகரம் சற்று வேறுவிதமாகத் தெரிகிறது.

மிகச் சிறிய ஒரு படத்தையும் தவறவிடக் கூடாது. ஜார்ஜெட் சென் 1946 வாக்கில் வரைந்த தன்னுருவப்படம், உயரம் 22.5 செ.மீ., அகலம் 17.5 செ.மீ.; கையடக்கப் புத்தகத்தைவிடச் சற்றுதான் பெரிது. கழுத்தை மூடிய சட்டையும் இறுக்கி வாரிய கூந்தலுமாக நம்மை நேராகப் பார்க்கும் அந்த முகத்தில், பாரிஸ், சீனா, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஊர் ஊராக வாழ்ந்த வாழ்க்கையில் எங்கே வசிக்கிறாய் என்ற கேள்விக்கு எளிதில் விடை சொல்லிவிட முடியாத ஒரு பெண்ணின் நிதானம் இருக்கிறது.

காலத்தால் நம்மை நெருங்க நெருங்கக் காட்சியின் பிடி சற்றுத் தளர்வதாகவே எனக்குத் தோன்றுகிறது. 1979இல் டாங் டா வூ மண்ணரிப்பு விழுந்த ஓடைகளில் துணிகளைத் தொங்கவிட்டு, மழையும் சேறும் அவற்றின் மீது வரையவிட்ட படைப்பும், 1988இல் எஸ். சந்திரசேகரன், கோ ஈ சூ, சாலே ஜபார் ஆகிய மூன்று இளைஞர்கள் சேர்ந்து நடத்திய 'திரிமூர்த்தி' கண்காட்சியும் சிங்கப்பூர்க் கலையின் திருப்புமுனைகள். படைத்தல், காத்தல், அழித்தல் என்ற முத்தொழிலை ஓர் இந்தியரும் ஒரு சீனரும் ஒரு மலாய்க்காரரும் தத்தம் மரபிலிருந்து அணுகியது, அன்றைய சூழலில் எவ்வளவு பெரிய முயற்சி! ஆனால் நிகழ்த்துகலையும், ஓரிடத்தில் பொருள்களை அமைத்துக் காட்டும் நிர்மாணக்கலையும் நடந்து முடிந்த பின் எஞ்சுவது புகைப்படமும் ஆவணமும்தாம். அவற்றைச் சுவரில் மாட்டி விளக்கக் குறிப்பு எழுதிவிட்டால் மட்டும் அந்த நாளின் வெப்பம் திரும்ப வந்துவிடாது. இது இந்தக் கலைக்கூடத்தின் குறை மட்டுமன்று. ஆயினும் ஓவியங்களுக்கு இவ்வளவு நுட்பமாக இடமமைத்தவர்களிடம் இதற்கும் ஒரு வழியை எதிர்பார்ப்பது நியாயம்தான்.

இணைப்புப் பாலத்தைக் கடந்தால் தென்கிழக்காசியப் பகுதி. குற்றவாளிக் கூண்டும் மரச்சட்டமிட்ட சுவர்களும் கொண்ட பழைய நீதிமன்ற அறைகளைச் சுற்றிக் காலனிய காலத்துப் படங்கள் இருப்பதில் ஒரு முரண்நகை ஓடிக்கொண்டே இருக்கிறது. பிலிப்பைன்ஸ் ஓவியர் ஹுவான் லூனாவின் 'ஸ்பெயினும் பிலிப்பைன்ஸும்' (1884) ஆளுயரத்துக்கும் மேல் நெடுகலான, ஒடுங்கிய ஓவியம். இரண்டு பெண்கள் நமக்கு முதுகைக் காட்டிப் படியேறுகிறார்கள்; ஒருத்தி மற்றவளை அணைத்தபடி தூரத்து ஒளியைச் சுட்டிக்காட்டுகிறாள். சுட்டிக்காட்டுகிறவள் ஸ்பெயின். பிலிப்பைன்ஸை ஆண்ட ஸ்பெயினின் புகழ்ப் படமாகவும் வாசிக்கலாம். வாக்குக் கொடுத்தவளை அந்த வாக்குக்குப் பொறுப்பாக்கும் படமாகவும் வாசிக்கலாம். வழக்கு நடந்த கட்டடத்தில் இருப்பதாலோ என்னவோ, நான் இரண்டாவது வாசிப்பின் பக்கமே சாய்கிறேன்.

ராடன் சாலேயின் 'காட்டுத் தீ' (1849) இந்தத் தொகுப்பின் மகுடம் என்று பலரும் சொல்வார்கள், நானும் மறுக்கவில்லை. ஏறத்தாழ 3 மீட்டர் உயரமும் 4 மீட்டர் அகலமும் கொண்ட அந்தத் துணியில், தீயால் துரத்தப்பட்ட விலங்குகள் பாறை விளிம்புக்கு வந்து சேர்ந்துவிட்டன. பின்னால் நெருப்பு, முன்னால் பாதாளம். ஜாவாவில் பிறந்து ஐரோப்பாவில் நெடுங்காலம் வாழ்ந்த இவ்வோவியர் இதை நெதர்லாந்து மன்னர் மூன்றாம் வில்லியமுக்கு அளித்தார். அரண்மனைக்குப் போன படம் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்துத் தென்கிழக்காசியாவுக்குத் திரும்பி வந்து, எவரும் பார்க்கும்படி ஒரு பொதுக் கூடத்தில் இருக்கிறது. பொதுத் தொகுப்பு என்பதற்கு என்ன பொருள் என்று யாராவது கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

சிறப்புக் கண்காட்சிகளைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கலவையானது. 2017இல் நடந்த ஜப்பானியக் கலைஞர் யாயோய் குசாமாவின் கண்காட்சிக்குக் கூட்டம் அலைமோதியது. புள்ளிகளும் கண்ணாடி அறைகளும் படமெடுக்க வசதியானவை. பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்திலிருந்தும், பிறகு பாஸ்டனிலிருந்தும் மோனே போன்றவர்களின் உணர்வுப்பதிவிய (இம்ப்ரெஷனிஸ்ட்) ஓவியங்களைத் தருவித்தார்கள். இவையெல்லாம் கூட்டம் சேர்க்கும், பணமும் சேர்க்கும். ஆனால் மோனேயைப் பார்க்க உலகில் எத்தனையோ இடங்கள் இருக்கின்றன. இந்தக் கலைக்கூடம் மட்டுமே செய்யக்கூடிய கண்காட்சி வேறு வகை. 2016இல் பாரிஸின் பொம்பிடு மையத்தோடு சேர்ந்து தென்கிழக்காசிய ஓவியங்களையும் மத்தீஸ், பிக்காசோ படங்களையும் ஒரே கூடத்தில் வைத்தபோது, யாரைப் பார்த்து யார் வரைந்தார் என்ற பழைய கேள்வி வலுவிழந்து, ஒரே காலத்தில் பல இடங்களில் நவீனம் பிறந்தது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. 2023இல் தொடங்கிய 'வெப்ப மண்டலம்' கண்காட்சி இன்னும் ஒரு படி மேலே போய், லத்தீன் அமெரிக்காவையும் தென்கிழக்காசியாவையும் ஐரோப்பாவின் தயவில்லாமல் நேருக்கு நேர் உட்கார வைத்தது. பிரேசிலியக் கட்டடக் கலைஞர் லினா போ பார்தி வடிவமைத்த கண்ணாடித் தாங்கிகளில் ஓவியங்கள் சுவரை விட்டு விலகித் தனித்தனியே நின்றன. பார்வையாளர் படங்களுக்கு இடையே நடந்து, அவற்றின் முதுகையும் பார்க்க முடிந்தது. 2024இல் சியோங் சூ பியெங்கின் ஓவியங்களைப் பாதுகாப்பு ஆய்வாளர்களின் கண்ணால், அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டிய கண்காட்சியும், 2025இல் இரு போர்களுக்கு இடைப்பட்ட பாரிஸில் வாழ்ந்த ஆசிய ஓவியர்களைப் பற்றியதும் இந்த நல்ல வரிசையைச் சேர்ந்தவையே.

மக்களுக்கான நிகழ்ச்சிகளில் குழந்தைகளுக்குரியவை முதலிடம் பெறுகின்றன. கலைக்கல்விக்கென்று தனி மையம் ஒன்றை ஒதுக்கி, அதற்குள் நுழையக் கட்டணம் வைக்காதது பெரிய விஷயம். தொடாதே, ஓடாதே என்ற சொற்களையே கேட்டு அருங்காட்சியகங்களை வெறுத்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். இங்கே ஒட்டவும் கிழிக்கவும் தவழவும் இடமிருப்பதைப் பார்க்கும்போது பொறாமையாகவே இருக்கிறது. 2017 முதல் இரண்டாண்டுக்கு ஒரு முறை நடக்கும் குழந்தைகள் கலைவிழாவுக்குப் பெயர் பெற்ற கலைஞர்களே படைப்புகளைச் செய்து தருகிறார்கள். ஒரே ஒரு மனக்குறை: அந்த விளையாட்டு வெளிகளிலிருந்து மேலே உள்ள ஓவியங்களுக்குப் போகும் பாதை தெளிவாக இல்லை. விளக்குகளோடு ஆடிவிட்டுக் குடும்பம் அப்படியே உணவகத்துக்குப் போய்விடுகிறது. 'தேசிய மொழி வகுப்பு' ஓவியத்தின் முன் நான்கு நாற்காலிகளைப் போட்டு, வந்த பிள்ளைகளை ஒருவரையொருவர் அந்த இரண்டு கேள்விகளையும் தத்தம் வீட்டு மொழியில் கேட்கச் சொன்னால் போதும். அதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

புலன்சார் நெரிசலைத் தாங்க முடியாதவர்களுக்கென ஓர் அமைதி அறை இருப்பதும், தன்னார்வ வழிகாட்டிகள் படங்களை விளக்கிக் கூட்டிச் செல்வதும், பழைய நீதிமன்றத்தின் வட்டக் கூடத்தில் கலை நூலகமும் ஆவணக் காப்பகமும் செயல்படுவதும் விளம்பரத்தில் அதிகம் வராத நற்செயல்கள். ஆண்டுத் தொடக்கத்தில் நடக்கும் ஒளித் திருவிழாவின்போது கட்டட முகப்பு முழுவதும் வண்ணப் படங்கள் ஓடும். அது திருவிழா, அந்த அளவில் நன்று. அதைக் கலைக்கல்வி என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

காட்சிக்கூடங்களின் பெயர்களைப் பற்றி ஒரு சொல். சிங்கப்பூர்ப் பகுதிக்கு ஒரு வங்கியின் பெயர், தென்கிழக்காசியப் பகுதிக்கு இன்னொரு வங்கியின் பெயர், கல்வி மையத்துக்கு ஒரு தொழில் நிறுவனத்தின் பெயர். கொடையாளர் இல்லாமல் இவ்வளவு பெரிய கூடம் நடக்காது என்பது புரிகிறது. ஆனால் வழிகாட்டிப் பலகையைப் பார்த்து நடக்கும்போது, ஓவியம் பார்க்க வந்தோமா, கணக்குத் திறக்க வந்தோமா என்ற ஐயம் வருவதைத் தவிர்க்க முடியவில்லை.

சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நிரந்தரக் காட்சிகள் இலவசம். மற்றவர்கள் நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். சிறப்புக் கண்காட்சிகளுக்குத் தனிச்சீட்டு. வேலை அனுமதியில் இருக்கும் தமிழர்கள் பலர் 'மற்றவர்கள்' பட்டியலில் வருகிறார்கள் என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. லாய்ட்டமானின் படத்தில் ஓடும் மனிதர்களின் இன்றைய வழித்தோன்றல்கள் என்று அவர்களைச் சொன்னால் மிகையாகாது. சாலையும் கட்டடமும் போடுகிறவர்களுக்கு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது கதவு இலவசமாகத் திறந்திருக்க வேண்டும்.

காலை 10 மணி முதல் மாலை 7 மணி வரை திறந்திருக்கிறது. நகர மண்டப எம்ஆர்டி (பெருவிரைவு ரயில்) நிலையத்திலிருந்து நடந்தே வரலாம். ஒரே நாளில் முழுவதையும் பார்த்துவிட முயலவேண்டாம். மூன்று மணி நேரத்துக்கு மேல் கண்ணும் காலும் ஒத்துழைக்காது. முதல் நாளை நகர மண்டபப் பகுதிக்கும், இன்னொரு நாளை நீதிமன்றப் பகுதிக்கும் கொடுங்கள். இரண்டாம் நாளில் ராடன் சாலேயின் தீயைப் பார்த்த பிறகு, எஞ்சியிருக்கும் அந்த இரண்டு சிறையறைகளுக்குப் போங்கள். அந்த வரிசை மாறினால், அறைகள் வெறும் அறைகளாகத்தான் தெரியும்.